வயதான நாயின் ஈரல் பரிசோதனையில் எண்கள் கூடி வந்தால் என்ன செய்வது?

எங்கள் செம்பனுக்கு 11 வயது. சென்ற வருடம் அவனுடைய பற்களைச் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஈரலைப் பற்றிய இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி விழுந்திருந்தது. ஏ.எல்.ரி 212, அந்த ஆய்வுகூடம் போட்டிருந்த மேல் எல்லை 100. ஏ.எல்.பி 870, மேல் எல்லை 150. செம்பனோ அன்று காலையும் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நண்டு துரத்திவிட்டு வந்து, வைத்த சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருந்தான்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஈரல் போய்விட்டது என்றே நினைத்தேன். இன்று இதே தாளோடு யாராவது என் வீட்டுக்கு வந்தால் எதை முதலில் சொல்வேன், எதைப் பிறகு சொல்வேன் என்று யோசித்து, அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். இது மிருக வைத்தியருக்குப் பதில் ஆகாது. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்குத்தான்.

படி 1: இன்றே ஓட வேண்டுமா என்று பாருங்கள்

தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாயைப் பகல் வெளிச்சத்துக்குக் கூட்டி வாருங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் சரியாகத் தெரியாது. மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். கண் வெள்ளையையும் காது மடலின் உட்பக்கத்தையும் பாருங்கள். முரசு கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கண்தான் நம்பகமான இடம்.

மஞ்சள் தெரிந்தால், வயிறு நீர் கோத்ததுபோல உப்பியிருந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மலம் தார்போலக் கறுத்திருந்தால், சிறுநீர் சாயத் தேநீர் நிறத்தில் போனால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது, காரணமின்றி வட்டமாகச் சுற்றுவது, வலிப்பு ஆகியவை இன்னும் அவசரமானவை. ஈரல் வடிகட்ட வேண்டிய நச்சு மூளைக்குப் போகும்போது இப்படி நடக்கும்.

மாரி மழைக் காலத்தில் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அது நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும். சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

இவை எதுவும் இல்லை, நாய் சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றால், சரி, உங்களுக்கு நேரம் இருக்கிறது. செம்பன் இந்த வகை. வயதான நாய்களில் பெரும்பாலும் இப்படித்தான், வேறு எதற்கோ இரத்தம் எடுக்கும்போது தற்செயலாக வெளியே வரும்.

படி 2: தாளை இரண்டு பங்காகப் பிரித்து வாசியுங்கள்

எனக்கு முதல் நாள் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் பாதிப் பயம் அன்றே போயிருக்கும்.

தம்பலகாமத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நெல் சிந்திக் கிடந்தால் எங்கோ மூட்டை கிழிந்திருக்கிறது என்று தெரியும். ஆனால் ஆலை ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை அரிசி குற்றுகிறது என்பது வேறு கணக்கு. ஈரல் தாளிலும் இந்த இரண்டு கணக்குகளும் கலந்தே கிடக்கின்றன.

சிந்திய நெல்லைக் காட்டுபவை ஏ.எல்.ரி, ஏ.எஸ்.ரி. ஈரல் கலங்களுக்குள் இருக்க வேண்டிய இந்த நொதியங்கள், கலம் காயப்படும்போது இரத்தத்தில் ஒழுகும். மனித ஆய்வுகூடத் தாள்களில் இவற்றையே எஸ்.ஜி.பி.ரி, எஸ்.ஜி.ஓ.ரி என்று போட்டிருப்பார்கள். ஏ.எஸ்.ரி தசையிலும் உண்டு, ஆகவே அது மட்டும் கூடியிருந்தால் ஈரலைக் குற்றம் சொல்ல முடியாது. ஏ.எல்.பியும் ஜி.ஜி.ரியும் பித்தம் ஓடும் வழியில் தடை இருந்தால் கூடும். நாய்களில் ஏ.எல்.பிக்கு இன்னொரு குணமும் உண்டு. ஸ்டீரொயிட் மருந்து உடலில் இருந்தால், ஈரல் கெடாமலேயே அது பல மடங்கு ஏறும். பூனைகளுக்கு இப்படி ஏறுவதில்லை.

ஆலை ஓடுகிறதா என்று காட்டுபவை ஈரல் செய்யும் புரதமான அல்புமின், உடலை மஞ்சளாக்கும் பிலிருபின், யூரியா, குளுக்கோஸ், கொலஸ்ட்ரோல், இரத்தம் உறையும் நேரம். ஈரல் உண்மையாகவே களைத்துப் போனால் பிலிருபின் கூடும். அல்புமின், யூரியா, குளுக்கோஸ், கொலஸ்ட்ரோல் குறையும். இரத்தம் உறையத் தாமதமாகும். ஈரலுக்குக் கையிருப்பு அதிகம். ஏறத்தாழ முக்கால் பங்கு பழுதான பிறகே இந்த எண்கள் ஆடத் தொடங்கும். அதனால் இவை ஒழுங்காக இருப்பது நல்ல செய்தி, ஆனால் அதோடு விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை.

மறுபக்கமும் உண்டு. களஞ்சியத்தில் நெல்லே இல்லாவிட்டால் சிந்துவதற்கும் ஒன்றும் இருக்காது. நீண்ட நாள் நோயில் சுருங்கிப்போன ஈரலில் ஏ.எல்.ரி சாதாரணமாகவே இருக்கலாம். எண் எவ்வளவு பெரிது என்பதை மட்டும் வைத்து நாயின் ஆயுளைக் கணக்குப் போடக்கூடாது.

செம்பனின் தாளில் அல்புமினும் பிலிருபினும் எல்லைக்குள்தான் இருந்தன. நான் அந்த வரிகளைப் பார்க்கவே இல்லை. அம்புக்குறி விழுந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 3: வாய்க்குள் போனதை எல்லாம் எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் நாய்க்குக் கொடுத்த மருந்து, பூச்சுக் களிம்பு, உண்ணி மருந்து, எண்ணெய், கசாயம், ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். பூசிய களிம்பை நாய் நக்கும், ஆகவே அதுவும் சேர்த்தி.

எங்கள் வீட்டில் விடை இந்தப் பட்டியலில்தான் இருந்தது. செம்பனுக்குத் தோல் கடி. ஒரு முறை எழுதிக் கொடுத்த பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசைக்கு நாங்கள் பழைய மருந்துத் துண்டையே காட்டிக் காட்டி எட்டு மாதம் வாங்கியிருக்கிறோம். அவன் தண்ணீர் அதிகம் குடித்ததையும், வயிறு தொங்கியதையும், இரவில் மூச்சு வாங்கியதையும் வயதுக்கோளாறு என்று நினைத்தோம். மூன்றும் ஸ்டீரொயிட் செய்யும் வேலை.

உங்கள் நாயும் இப்படி நீண்ட நாள் ஸ்டீரொயிட் எடுத்தால் தயவுசெய்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடல் தானாக ஸ்டீரொயிட்டைச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழக்கூடும். வைத்தியர் சொல்லும் கணக்கில், கிழமை கிழமையாகத்தான் குறைக்க வேண்டும். மருந்தே எடுக்காத நாய்க்கு இதே அறிகுறிகள் இருந்தால் உடலே அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோயா என்று கேளுங்கள். அதுவும் வயதான நாய்களில் வருவதுதான்.

வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிற்றோன், மூட்டு வலிக்குக் கொடுக்கும் கார்ப்ரோஃபென், பூஞ்சணத்துக்குக் கொடுக்கும் கீற்றோகொனசோல் ஆகியவையும் இந்த எண்களை ஏற்றலாம். பனடோல் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் என்று நாய்க்குப் பனடோல் கொடுக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அது நாயின் ஈரலைச் சாகடிக்கக்கூடியது. வளவில் அழகுக்கு வைத்திருக்கும் சைக்கஸ் மரத்தின் கொட்டையும் அப்படித்தான். சைலிட்டோல் கலந்த சீனியில்லாச் சுயிங்கமும் நஞ்சுதான்.

படி 4: வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

முதலில், திரும்ப எப்போது இரத்தம் எடுப்பது என்று கேளுங்கள். நாய் நன்றாக இருந்து, எண்கள் இரண்டு மூன்று மடங்குக்குள் இருந்தால் பொதுவாக இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் மறுபடி பார்ப்பார்கள். கூடிக்கொண்டே போகிறதா, இறங்குகிறதா என்பதை ஒரு தாள் காட்டாது. போகும் முன் 12 மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வைக்கலாம். கொழுப்புக் கலங்கிய இரத்தம் எண்களைக் குழப்பும். நீரிழிவு உள்ள நாய்க்கும் மிக மெலிந்த நாய்க்கும் இந்தப் பட்டினியை வைத்தியரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

திருகோணமலையிலிருந்து இரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் இங்கேயே சீரத்தை, அதாவது இரத்தக் கலங்கள் நீங்கிய தெளிந்த நீரை, பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் பஸ்ஸில் கிடந்து சூடேறிய குப்பியில் இரத்தக் கலங்கள் உடைந்துவிடும். அந்தத் தாளை நம்பி மருந்து தொடங்க முடியாது.

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல். எங்கள் நாய்களில் உண்ணி கடித்துத் தொற்றும் எர்லிக்கியாவும் பபீசியாவும் சாதாரணம், இரண்டும் ஈரல் எண்களை ஏற்றக்கூடியவை. ஊருக்குள் திரியும் புள்ளிமான்கள்தான் உண்ணி கொண்டுவருகின்றன என்று பலர் சொல்வார்கள். ஆனால் எர்லிக்கியாவைப் பரப்பும் மண்ணிற நாய் உண்ணி பெரும்பாலும் நாயிலும், நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்பிலும்தான் வாழ்கிறது. சுவரைப் பாருங்கள்.

மூன்றாவது, பல். அழுகிய பல்லிலிருந்து போகும் கிருமியும் ஏ.எல்.ரியைக் கொஞ்சம் ஏற்றலாம்.

படி 5: சாப்பாடு

நான் பெரிய பிழை விட்ட இடம் இது. ஈரல் வருத்தத்துக்குப் புரதம் கூடாது என்று எங்கோ கேட்டு, முட்டையையும் கோழியையும் மீனையும் நிறுத்திவிட்டு, கஞ்சியும் அவித்த பூசணிக்காயும் மட்டும் வைத்தேன். மூன்று கிழமையில் 19 கிலோவிலிருந்து 17.5க்கு இறங்கிவிட்டான். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. மிருக வைத்தியர் அவனைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, முட்டையை ஏன் நிப்பாட்டினீங்கள்? ஈரல் தன்னைத் திருத்திறதுக்கு அதுதானே வேணும்."

ஈரல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் உறுப்பு. அதற்குப் புரதம் தேவை. மூளையைப் பாதிக்கும் அறிகுறிகள் வந்த நாய்க்குத்தான் வைத்தியர் புரதத்தை அளந்து குறைப்பார். மற்ற நாய்களுக்கு நல்ல, எளிதில் செரிக்கும் புரதத்தைக் கொடுக்க வேண்டும். அவித்த முட்டை, தோல் நீக்கிய கோழி, முள் எடுத்த மீன், சோறு, கொஞ்சம் கரட் அல்லது பூசணி. உப்பு, தேங்காய்ப்பால், வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம். ஒரு நாள் சாப்பாட்டை மூன்று நான்கு நேரமாகப் பிரித்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், வயிற்றில் நீர் கோத்த நாய்க்கு உப்பு பெரிய கெடுதல்.

ஈரலுக்கு ஈரல் நல்லது என்று மாட்டீரல் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. மாட்டீரலிலும் ஆட்டீரலிலும் செம்பு அதிகம், கணவாயிலும் நண்டிலும் அப்படியே. சில நாய்களின் ஈரலில் செம்பு தேங்கி அதுவே நோயாகிறது. லப்ரடோர், டோபர்மன், டல்மேஷியன் இனங்களில் இது வரும். காரணம் தெரியும்வரை இவற்றைத் தவிருங்கள்.

நாய்த் தீனிப் பையை மழைக்காலத்தில் மாதக்கணக்கில் திறந்து வைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த தீனி, சோளம், கச்சான், தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றில் உண்டாகும் அஃப்லரொக்சின் ஈரலை நேராகத் தாக்கும். மணம் மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

படி 6: கீழாநெல்லியும் மற்றவையும்

எதிர்வீட்டு அம்மா கேள்விப்பட்ட உடனே, "பிள்ளை, கீழாநெல்லி அரைச்சுக் குடு" என்றார். செங்கமாரிக்கு எங்கள் ஊரில் தலைமுறையாகக் கொடுப்பது, அன்போடுதான் சொன்னார். ஆனாலும் நான் கொடுக்கவில்லை. இரண்டு இரத்தப் பரிசோதனைக்கு நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், எண் மாறியது எதனால் என்று யாருக்கும் தெரியாமல் போகும். நாய்க்கு எவ்வளவு கொடுப்பது என்ற அளவும் எங்கள் கையில் இல்லை.

வைத்தியர்கள் எழுதும் சிலிமரின், எஸ்-அடினோசில் மெதியோனின் போன்றவை ஈரலுக்குத் துணையாகக் கொடுப்பவை. இரண்டாவதை வெறும் வயிற்றில், குளிசையை உடைக்காமல் கொடுக்க வேண்டும். பித்தம் ஓட உதவும் உர்சோடியொக்சிகோலிக் அமிலம் வேறு வகை, பித்தக்குழாய் அடைத்திருந்தால் அது கூடாது. ஸ்கான் பார்க்காமல் பாமசியில் கேட்டு வாங்க வேண்டாம்.

படி 7: எண் இறங்காவிட்டால்

இரண்டு மாதமாகியும் இறங்கவில்லை, அல்லது ஏறிக்கொண்டே போகிறது என்றால் வயிற்று ஸ்கான் வேண்டும். அதில் ஈரலின் அளவும், கட்டி உண்டா என்பதும், பித்தப்பையும் தெரியும். வயதான நாய்களில் பித்தப்பைக்குள் சளிபோன்ற பொருள் இறுகி, பை வெடிக்கும் நிலைக்கு வருவதுண்டு, அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். ஸ்கானில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். வயதான நாய்களின் ஈரலில் தீங்கில்லாத முடிச்சுகள் மிகச் சாதாரணம். எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல ஈரலில் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

பித்த அமிலப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பாடு கொடுத்து 2 மணித்தியாலம் கழித்து ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். ஆலை ஓடுகிறதா என்பதற்கு நல்ல சோதனை இது. செங்கமாரி ஏற்கெனவே தெரியும் நாய்க்கு அநேகமாக இது தேவைப்படாது.

இவற்றுக்காக நாங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குப் போனோம். ஹபரணை, தம்புள்ளை வழியாக நீண்ட பயணம். விடியப்புறம் வெயிலுக்கு முன் புறப்படுங்கள். சாப்பாடு கொடுத்துக் கூட்டி வருவதா, பட்டினியாகவா என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். பழைய தாள்கள் எல்லாவற்றையும், மருந்துக் கொப்பியையும் கொண்டுபோங்கள். ஸ்கானுக்கு வயிற்று மயிரை வழிப்பார்கள், திரும்பி வந்த பிறகு சீமெந்துத் தரையில் படுக்கும்போது ஒரு சாக்கை விரித்துவிடுங்கள்.

படி 8: வீட்டுக் கொப்பி

கிழமைக்கு ஒரு முறை, ஒரே நாளில், நிறை. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்தால் போதும். ஒவ்வொரு நாளும் குடித்த தண்ணீர், சாப்பிட்டதா இல்லையா, வாந்தி, மலத்தின் நிறம். இரண்டு நாளுக்கொரு முறை கண் வெள்ளை. இதற்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்த இரத்தப் பரிசோதனையை முடிந்தவரை அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள், இடத்துக்கு இடம் எல்லை மாறும்.

செம்பனுக்கு ஸ்டீரொயிட்டைக் குறைத்து நிறுத்தி இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஏ.எல்.ரி 118, ஏ.எல்.பி 410. ஏ.எல்.பி இப்படி மெதுவாகத்தான் இறங்கும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்கானில் இரண்டு சிறு முடிச்சுகள், பித்தப்பை சுத்தம். அதன் பிறகு மயக்க மருந்து கொடுத்து, கெட்டுப்போன நான்கு பற்களைப் பிடுங்கினார்கள். தோல் கடிக்கு இப்போது வேறு மருந்து, உண்ணிக்கு மாதக் குளிசை. நிறை திரும்பவும் 19. காலையில் இரண்டு முட்டை அவிகிறது, ஒன்று அவனுக்கு.