பச்சை மீன் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் ஒரே மேசையில் சுஷி

‘பச்சை மீன் எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பின்னால் நான்கைந்து காரணங்கள் இருக்கலாம்: வழவழப்பு, வாடை, கொழுப்பின் திகட்டல், சில்லிப்பு, புழு இருக்குமோ என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வாடை பிடிக்காதவருக்கு ஒத்துவரும் துண்டு, வழவழப்பு பிடிக்காதவருக்குக் குமட்டலாம். அதனால் மீன் வாங்கப் போகும் முன்பே, சாப்பிட வருகிறவர்களிடம் எது பிடிக்காது என்பதோடு, அதில் என்ன பிடிக்கவில்லை என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இப்படி ஆளுக்கொரு ருசி உள்ள கூட்டத்துக்கு நிகிரி (வினிகர் சோற்றைப் பிடித்து மேலே மீன் துண்டு வைக்கும் சுஷி) பிடிக்க இறங்காதீர்கள். கையால் சுருட்டும் சுஷியான டெமாகிதான் வசதி. நோரி (காய்ந்த கடற்பாசி) தாள், சோறு, நறுக்கிய மீன், வெந்த பொருட்கள், காய்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டால் வேண்டியதை வேண்டிய அளவில் அவரவரே சுருட்டிக்கொள்ளலாம். ஜப்பானிய வீட்டு விருந்துகளில் இது வழக்கமான ஏற்பாடு. யாரும் யாரையும் ‘ஒரே ஒரு துண்டு’ என்று வற்புறுத்தத் தேவையிருக்காது.

முதலில் பாதுகாப்பு

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்குப் புகையூட்டிய சால்மனும் சரிவராது. பெரும்பாலும் அது குளிர்ந்த புகையில் பதப்படுத்தப்படுவதால் உள்ளே வெந்திருக்காது. ஒவ்வாமை உள்ளவர்கள் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நண்டுக் குச்சி என்று விற்பது உண்மையில் அரைத்த மீன் சதை, அதில் பெரும்பாலும் கோதுமையும் முட்டையும் கலந்திருக்கும். சாதாரண சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

கடல் மீன்களில் கவலைப்பட வேண்டிய புழு அனிசாகிஸ். வினிகர், எலுமிச்சைச் சாறு, வசாபி (காரமான பச்சை விழுது), சோயா சாஸ் எதுவும் அதைக் கொல்லாது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்த கானாங்கெளுத்தியில்கூட அது உயிரோடு இருக்கும். கொல்வது சூடு, இல்லையென்றால் கடும் குளிர். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ சொல்லும் அளவு: மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கெட்டியாக உறைந்தபின் அதே குளிரில் 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியில்தான் ஓடுகிறது, அதை நம்பாதீர்கள். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்று முன்பே உறைய வைத்த மீனை வாங்குவதுதான் சரி. ‘சுஷி கிரேடு’ என்ற சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறையே கிடையாது. எப்படி உறைய வைத்தார்கள் என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்.

ஆறு, குளத்து மீன்களைப் பச்சையாகத் தொடவே வேண்டாம். அவற்றில் நாடாப்புழுவும் கல்லீரல் புழுவும் வரலாம். உறைய வைப்பது புழுவைக் கொல்லுமே தவிர பாக்டீரியாவைக் கொல்லாது என்பதும் நினைவிருக்கட்டும். டூனா, கானாங்கெளுத்தி வகைகள் குளிர் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமைபோல உடலைத் தாக்கும் பொருள் சேரும். பிறகு சமைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுரீரென்றால் துப்பிவிடுங்கள்.

உறைந்த டூனா கட்டியை வெளியே போட்டு உருக விட்டால் சாறு வடிந்து நிறம் கறுத்துவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் (சுமார் 40 டிகிரி) 30 கிராம் உப்பைக் கரைத்து, கட்டியை ஓரிரு நிமிடம் அலசி எடுங்கள். நன்றாகத் துடைத்து, கிச்சன் டவல் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சில மணி நேரத்தில் நடுவரை இளகிவிடும். காகிதம் நனைந்தால் மாற்றுங்கள். தன் சாற்றிலேயே ஊறிக் கிடக்கும் மீனில்தான் வாடை ஏறுகிறது.

சோறு

மீன் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காமல் போனது ஃப்ரிட்ஜில் விறைத்துப்போன சோறுதான். கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கும் சுஷியின் கோளாறும் அதுவே.

நான்கு பேருக்கு 300 கிராம் ஜப்பானியக் குட்டை அரிசி. தண்ணீர் ஏறக்குறையத் தெளியும்வரை கழுவி வடித்து, 360 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரிலேயே வேகவிடுங்கள். 60 மில்லி அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு மூன்றையும் கொதிக்க விடாமல் லேசாகச் சூடாக்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். சோறு ஆவி பறக்கும்போதே அகலமான பாத்திரத்தில் கொட்டி, இந்தக் கலவையைத் தெளித்து, கரண்டியின் விளிம்பால் வெட்டி வெட்டிப் புரட்டுங்கள். கிளறினால் குழைந்துவிடும். ஆறிய சோற்றில் ஊற்றினால் வினிகர் உள்ளே இழுக்கப்படாமல் அடியில் தேங்கும். விசிறி ஆற்றி, உடல் சூட்டுக்கு வந்ததும் ஈரத்துணி போட்டு மூடிவையுங்கள். புளிப்பு ஆகாதவர் இருந்தால் அவர் பங்கை வினிகர் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்துவிடலாம்.

நோரி 12 தாள் போதும், பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். சோற்றை முன்கூட்டியே பரப்பி அடுக்கி வைத்தால் நோரி ஈரம் இழுத்து ரப்பராகிவிடும். சுருட்டியவுடன் கடிக்க வேண்டும்.

நறுக்குவது

மொத்தம் 350 முதல் 400 கிராம் மீன் போதும். சால்மனிலும் டூனாவிலும் வெள்ளைக் கோடுகள் ஓடும். கத்தி அவற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும். கோட்டோடு சேர்ந்து அரிந்தால் நார் பல்லில் மாட்டும், எவ்வளவு மென்றாலும் வாயில் அப்படியே நிற்கும். கத்தியின் அடிப்பகுதியைத் துண்டின் மேல் வைத்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் வெட்டுமுகம் சொரசொரப்பாகிச் சாறு கசியும். டூனாவும் சால்மனும் 7 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன். ஹிராமே போன்ற இறுகிய வெள்ளைச் சதை மீன்கள் 2 மில்லிமீட்டர், தட்டின் கோலம் அடியில் தெரியுமளவு.

யாருக்கு எது

வழவழப்பு பிடிக்காதவருக்குப் பெரும்பாலோர் சால்மனைத்தான் நீட்டுகிறார்கள். அது தவறான தேர்வு. சால்மன் மென்மையும் கொழுப்பும் சேர்ந்து நாக்கில் வழுக்கும். அவருக்கு மெல்லியதாக அரிந்த ஹிராமே அல்லது ‘தை’ என்ற ஜப்பானிய வெள்ளைச் சதை மீனைக் கொடுங்கள். கடித்தால் லேசான எதிர்ப்பு இருக்கும், மீன் என்ற உணர்வை விட மெல்லும் உணர்வே முதலில் வரும். உனி (கடல் முள்ளெலியின் உள்பகுதி), ஓடோரோ (டூனாவின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி), தடித்த கணவாய் மூன்றையும் அவர் பக்கம் வைக்காதீர்கள். இன்னொரு வழி, டூனாவைப் பொடியாகக் கொத்தி வெங்காயத்தாளோடு சோற்றில் கலப்பது. சிலருக்கு இது நன்றாகப் பிடிக்கும். சிலருக்குக் கூழ்போலத் தோன்றி இன்னும் மோசமாகும், ஒரு தேக்கரண்டி அளவில் சோதித்துப் பாருங்கள்.

வாடைதான் பிரச்சினை என்றால் கானாங்கெளுத்தி, மத்தி போன்ற வெள்ளித்தோல் மீன்களை ஒதுக்கிவிடுங்கள். மீன் வாடைக்கு முக்கியக் காரணம், மீன் செத்த பிறகு சதையில் உருவாகும் டிரைமெதிலமின். கட்டியின் மேல் லேசாக உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் ஈரம் முத்து முத்தாக வெளியே வரும், வாடையின் ஒரு பகுதியும் அதோடு வரும். விரைவாக அலசி நன்றாகத் துடையுங்கள். டூனாவில் ஓரமாக ஓடும் கருஞ்சிவப்புப் பட்டையை வெட்டி எறியுங்கள். இரத்தமும் இரும்பும் கலந்த அந்தச் சுவை அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சை பிழிவதானால் வாயில் வைக்கும் நொடியில்தான் பிழிய வேண்டும். முன்பே பிழிந்தால் சில நிமிடங்களில் சதை வெளுத்து விறைக்கும்.

வாடையும் வழவழப்பும் இரண்டுமே ஆகாதவருக்கு ஸுகே (சோயா சாஸில் ஊறவைத்த மீன்) கைகொடுக்கும். 3 மேசைக்கரண்டி சோயா சாஸ், மிரினும் (இனிப்பான சமையல் மது) சாகேயும் (அரிசி மது) 1 மேசைக்கரண்டி வீதம். மிரினையும் சாகேயையும் கொதிக்கவைத்துச் சாராயம் போக்கி, சோயா சாஸ் சேர்த்து ஆறவிட்டு, டூனாத் துண்டுகளைப் பத்து நிமிடம் போடுங்கள். உப்பு ஈரத்தை இழுப்பதால் மேற்பரப்பு இறுகும். அரை மணி நேரம் விட்டால் உப்புக் கரிக்கும்.

சில்லிப்பு பிடிக்காதவருக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. நறுக்கிய துண்டுகளை ஐந்து நிமிடம் வெளியே வைத்து, வெதுவெதுப்பான சோற்றோடு கொடுங்கள்.

பச்சைக்கும் வெந்ததற்கும் நடுவே நிற்பவருக்குத் தடாகி, அதாவது மேற்புறம் மட்டும் வாட்டிய மீன். ஜப்பானின் கோச்சியில் கட்சுவோ என்ற சூரை வகை மீனை வைக்கோல் தீயில் வாட்டுவார்கள், வீட்டில் இரும்புச் சட்டி போதும். புகை வருமளவு காய்ந்த சட்டியில் டூனா கட்டியைப் பக்கத்துக்கு 20 விநாடி வையுங்கள். சட்டி சரியாகக் காயாவிட்டால் ஓரத்தில் அரை சென்டிமீட்டருக்குச் சாம்பல் நிறத்தில் வறண்டுபோகும், நடுவும் மந்தமாகிவிடும். உள்ளே பச்சைதான் என்பதால் உறைய வைக்கும் விதி இதற்கும் பொருந்தும்.

பயம் மட்டுமே காரணம் என்றால் வாதாடாதீர்கள். வெந்த இறால், ஆக்டோபஸ், வாட்டிய உனாகி (விலாங்கு), தமாகோ என்ற இனிப்பு முட்டை, வெள்ளரி, அவகாடோ என்று ஒரு தனித் தட்டே வையுங்கள். அந்தத் தட்டுக்கென்று தனி இடுக்கி இருக்கட்டும். பச்சை மீனைத் தொட்ட இடுக்கி அதைத் தொட்டால் தனித் தட்டு வைத்தும் பயனில்லை.

பச்சை மீன் பிரியர்களை மறக்க வேண்டாம்

எல்லாவற்றிலும் மயோனெய்ஸும் காரச் சாஸும் ஊற்றிவிட்டால் மீனை மீனாகச் சாப்பிட வந்தவர் ஏமாந்துபோவார். அவருக்காகச் சில துண்டுகளை எதுவும் தடவாமல் வையுங்கள். வெள்ளை மீன், அகாமி (டூனாவின் கொழுப்பு குறைந்த சிவப்புச் சதை), பிறகு கொழுப்புப் பகுதி என்ற வரிசையில் போனால் நாக்கு மந்தமாகாது. நடுநடுவே இஞ்சி ஊறுகாய். அதை மீன் மேலேயே வைத்துச் சாப்பிட்டால் மீனின் சுவை தெரியாது. சோயா சாஸை மீன் பக்கம் தொடவேண்டும். சோற்றுப் பக்கம் தொட்டால் உறிஞ்சி உதிரும்.

எது உயர்ந்த துண்டு என்பதும் நிலையானதல்ல. இன்று விலையுயர்ந்த ஓடோரோவை ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) மதிக்கவே மாட்டார்கள். சால்மன் ஜப்பானிய சுஷிக் கடைகளில் பரவலானது, 1980களில் நார்வே தன் பண்ணை மீனை அங்கே விற்க முனைந்த பிறகு.

கடைக்குப் போவதானால் ஒமகாசேயில் (என்ன பரிமாறுவது என்பதைச் சமையல்காரரே தீர்மானிக்கும் விருந்து) ஒவ்வாமைகளையும் பிடிக்காதவற்றையும் இடம் பதியும்போதே சொல்லிவிடுங்கள். தட்டு வந்தபின் சொன்னால் மாற்று மீன் கையில் இருக்காது. வசாபி வேண்டாமென்றால் ஜப்பானில் ‘சபி நுகி’ என்று கேட்டால் போதும்.

மிச்சம்

நறுக்கிய பச்சை மீனை மறுநாள் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். அன்றிரவே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் எண்ணெயில் முழுக்க வேகும்வரை வறுத்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றால் வறுக்கவும் வேண்டாம், குப்பைக்குத்தான். ஃப்ரிட்ஜில் விறைத்த சோறு, தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் மறுபடி இளகும். வினிகர் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முட்டை போட்டு வறுத்தால் அது அடங்கிவிடும்.