நிறுத்தி வைத்த மின்சாரக் காரில் டாஷ்கேமுக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி?

சென்ற வருடம் திருகோணமலை ரயில் நிலையத்துக்கு அருகே எனது நிஸான் லீஃப் காரை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தேன். நான்காம் நாள் காலையில் திரும்பி வந்தபோது ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. காரை ஓட்டும் பெரிய பற்றரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தும் வண்டி அசைவற்றுக் கிடந்தது. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த டாஷ்கேம், அதாவது வீதியைப் பதிவுசெய்யும் கமரா, மூன்று இரவும் விழித்திருந்து, 12 வோல்ற்று சிறிய பற்றரியை முழுவதும் குடித்திருந்தது. ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தனது பற்றரியிலிருந்து வயர் கொடுத்த பிறகே கார் விழித்தது. கமராவைப் பொருத்தியவர் அதன் வெட்டு வோல்ற்றளவை, அதாவது பற்றரி எவ்வளவு இறங்கினால் கமரா தானாக அணையவேண்டும் என்ற எல்லையை, 11.6 இல் விட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் அளந்தும் மாற்றியும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மின்சாரக் கார் உறங்கும்போது பெரிய பற்றரியின் தொடுவான்கள் (அதை இணைத்தும் துண்டித்தும் விடும் பெரிய சுவிட்சுகள்) திறந்து, அது மற்றெல்லாவற்றிலிருந்தும் துண்டிக்கப்படுகிறது. பூட்டு, அலாரம், கமரா ஆகிய யாவும் 12 வோல்ற்று பற்றரியிலேயே தங்கியிருக்கின்றன. கார் ஓட்டத்துக்குத் தயாராக இருக்கும்போதும் சார்ஜ் ஏறும்போதும்தான் பொதுவாகப் பெரிய பற்றரி, வோல்ற்றளவைக் குறைக்கும் ஒரு மாற்றியின் வழியாகச் சிறியதை நிரப்புகிறது. லீஃப் காரில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி, வெறுமனே ரேடியோவைப் போட்டுக்கொண்டு இருந்தால்கூடச் சிறிய பற்றரி இறங்கிக்கொண்டே போகும். சில கார்கள் நிறுத்தியிருக்கும்போது இடைக்கிடை தாமாக விழித்துச் சிறிய பற்றரியை நிரப்பிக்கொள்கின்றன என்றாலும், அந்த ஏற்பாடு காரின் சொந்தத் தேவைக்கெனக் கணக்கிடப்பட்டதே தவிர, நாம் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டும் கமராவுக்காக அல்ல.

ஆகவே முதலில் கணக்குப் போடவேண்டும். 4 வாற்று எடுக்கும் ஒரு கமரா 12 வோல்ற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அம்பியரை இழுக்கிறது. ஒரு நாளுக்கு அது 8 அம்பியர் மணி. பற்றரி 40 அம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதனால், கையில் இருப்பது 20. புத்தம்புதிய பற்றரிக்கே இது இரண்டரை நாள்தான். நமது வெயிலில் மூன்று வருடம் உழைத்த பற்றரிக்கு ஓர் இரவுக்கு மேல் நான் நம்பிக்கை வைக்கமாட்டேன்.

அடுத்து, அந்தச் சிறிய பற்றரி எவ்வகையானது என்பதைப் பார்க்கவேண்டும்; பலரும் தவறவிடும் இடம் இதுவே. ஈய அமிலப் பற்றரி முழுதாக இருக்கையில் 12.6 வோல்ற்றுக்குச் சற்று மேலும், பாதியில் 12.2 வோல்ற்றுக்கு அண்மையிலும் நிற்கும். எனவே கமராவின் இணைப்புத் தொகுதியில் (கமராவைக் காரின் மின்சாரத்தோடு இணைக்கும் வயர்த் தொகுதி) வெட்டு வோல்ற்றளவை 12.2 இலோ, பாதுகாப்பாக 12.4 இலோ வைத்து, நேர எல்லையாக 6 அல்லது 12 மணித்தியாலத்தையும் சேர்த்து வைக்கவேண்டும். பி.வை.டி. கார்களில் இருப்பது போன்ற லிதியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரியோ, பெரும்பகுதி இறங்கும் வரையில் 13.2 வோல்ற்றை ஒட்டியே நின்று, கடைசியில் திடீரெனச் சரியும். அதற்கு 12.4 என்று வைத்தால், கமரா அணையும் முன்பே பற்றரி ஏறக்குறைய வெறுமையாகிவிடும். அவ்வகைக் கார்களில் வோல்ற்றளவை நம்பாமல் நேர எல்லையை மட்டும் நம்புங்கள்; கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வயரில் கை வைப்பதற்கு முன் விற்பனை முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்புத் தொகுதியில் பெரும்பாலும் மூன்று வயர்கள் இருக்கும். மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள உருகிக்கும் (பியூஸ்), சிவப்பு கார் இயங்கும்போது மட்டும் மின்சாரம் வரும் உருகிக்கும், கறுப்பு கார் உடலின் உலோகத்துக்கும் போகின்றன. நிறங்கள் மாறக்கூடுமாதலால் தொகுதியோடு வரும் குறிப்பை வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. எந்த உருகி எவ்வகை என்பதை மல்ரிமீற்றரால் பார்க்கும்போது அவசரப்படக்கூடாது; மின்சாரக் கார் பூட்டியவுடனே உறங்குவதில்லை. கதவைப் பூட்டி இருபது நிமிடமாவது பொறுத்துப் பார்த்தால்தான் எது உண்மையில் எப்போதும் மின்சாரமுள்ளது என்று தெரியும். காற்றுப்பை, பிரேக், பெரிய பற்றரியின் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான உருகிகளைத் தொடவே வேண்டாம். செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்கள் உயர் வோல்ற்றுக்கு உரியவை. அவற்றின் பக்கம் கையே போகக்கூடாது. அளந்து முடித்ததும் சிறிய பற்றரியின் எதிர்முனையை (− குறியுள்ள முனை) கழற்றிவிட்டு, உருகி இருக்கும் இடத்திலிருந்து இன்னொரு வயரைப் பிரித்தெடுக்கும் கிளை இணைப்பியில் 2 அல்லது 3 அம்பியர் உருகியைப் போட்டுப் பொருத்தலாம். கறுப்பு வயருக்கு வண்ணம் பூசாத உலோகத்தில் இறுகும் திருகாணியைத் தேர்ந்தெடுங்கள். திருகோணமலையின் உட்துறைமுக வீதியிலும் உப்புவெளியிலும் கடற்காற்றில் நிற்கும் கார்களில் அந்த ஆணி விரைவில் துருப்பிடிக்கும் என்பதனால், தேய்த்துச் சுத்தமாக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவுவது பயன்தரும். முன் கண்ணாடியின் ஓரத் தூணில் காற்றுப்பை இருந்தால் வயரை அதன் பின்னாலேயே கொண்டுபோகவேண்டும். முன்னால் போனால் பை விரியும் பாதையில் வயர் குறுக்கே நிற்கும்.

பல நாட்கள் காரை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, கமராவுக்கென்றே தனியான லிதியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரி வைப்பதே மிகச் சரியான வழி என்பது எனது முடிவு. கார் ஓடும்போது அது நிரம்பும். நிறுத்தியபின் கமரா அதிலிருந்து மட்டுமே எடுக்கும். அது தீர்ந்தால் கமரா அணையும், காருக்கு ஒன்றும் ஆகாது. 6 அம்பியர் மணிப் பற்றரியில் ஏறத்தாழ 77 வாற்று மணி இருப்பதால், 4 வாற்றுக் கமரா அதில் 19 மணித்தியாலம் ஓடும். ஆனால் நமது ஊர் சிறியது. உப்புவெளியிலிருந்து பட்டினத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓட்டினால், 5 அம்பியரில் ஏறுவது ஒரு அம்பியர் மணிதான். அது கமராவுக்கு மூன்று மணித்தியாலம். தினமும் சிறு பயணங்களையே செய்கிறவருடைய தனிப் பற்றரி நாளடைவில் வெறுமையாகவே இருக்கும். காரை ஓடும் நிலையிலேயே விட்டுவிட்டுப் போவதோ, கமராவுக்குத் தேவையானதைப் பலமடங்கு தாண்டிப் பெரிய பற்றரியைக் கரைக்கும்.

சாதாரண பவர்பாங்கை டாஷ்போட்டின் மேல் வைக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பூட்டிய காரின் டாஷ்போட் நமது சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் லிதியம் அயன் கலங்கள் வீங்கவும் தீப்பற்றவும் கூடும். தனிப் பற்றரியைக்கூட இருக்கையின் கீழ்தான் வைக்கவேண்டும். கமராவை வாங்கும்போதும் உள்ளே பற்றரிக்குப் பதிலாக மீக்கொள்ளளவி (சுப்பர்கப்பாசிற்றர்) உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கமராவின் நிறுத்த நிலையை, அதாவது கார் நிற்கும்போது அது இயங்கும் முறையை, திருத்தவேண்டும். அசைவைக் கண்டு பதியும் நிலையில் விட்டுவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் காரை நிறுத்தினால், அங்கே திரியும் மான்கள் ஒவ்வொன்றும் ஒரு பதிவாகிவிடும்; நினைவட்டையும் நிறையும், பற்றரியும் இறங்கும். அதிர்வு ஏற்படும்போது மட்டும் விழிக்கும் குறைமின் நிலை, 4 வாற்றை மிகச் சிறிய பங்காகக் குறைத்துவிடும். அதிர்வு உணர்திறனை நடுவில் வைத்து, இரவு காரைப் பூட்டி ஒரு மணித்தியாலத்தின் பின் சிறிய பற்றரியின் வோல்ற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஈய அமிலப் பற்றரியில் ஓர் இரவில் 0.2 வோல்ற்றுக்கு மேல் இறங்கியிருந்தால், நேர எல்லையைப் பாதியாகக் குறைத்து, அடுத்த இரவும் அளந்து பாருங்கள்.