பெக்கோ சிலிண்டர் ஒழுகுகிறதா? சீல் வாங்கும் முன் தண்டைப் பாருங்கள்

மூன்று மாதத்தில் என் பெக்கோவின் சிலிண்டருக்கு இரண்டு சீல் கிட் (ஒயில் கசியாமல் தடுக்கும் வளையங்களின் தொகுதி) மாற்றினேன். இரண்டும் ஒழுகின. மூன்றாவதற்காக உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனபோது கடைக்காரர் கிட்டை எடுக்கவே இல்லை. "தம்பி, தண்டை நகத்தால் தடவிப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

மட்டக்குளிக்குத் திரும்பி வந்து தடவினேன். ஓரிடத்தில் நகம் சிக்கியது. அரிசிமணி அளவில் ஒரு துருக்குழி. தண்டு உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழியின் விளிம்பு, தேங்காய்த் திருவலை மாதிரி, சீலின் உதட்டைச் சீவிக்கொண்டிருந்திருக்கிறது. சீல் மீது பழி போட்டு வீணாக்கிய காசை இனி யாரும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முதன்முதலாகக் கைவைப்பவர்கள் பின்பக்கப் பக்கெட்டின் சிலிண்டரில் தொடங்குங்கள். அதுதான் கைக்கு எட்டும், தூக்கவும் இலகு.

கை வைக்கும் முன்

கார் டயரில் இருக்கும் அழுத்தம் 2 பாருக்குச் சற்று மேல். பெக்கோவின் ஹைட்ரோலிக் குழாயில் அது 200 பாரைத் தாண்டும். ஊசித்துளை அளவு கசிவிலிருந்து பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆகவே கசிவை ஒருபோதும் விரலால் தேடாதீர்கள். நீளமான காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஒயில் தோலுக்குள் ஏறிவிட்டால் காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், ஹைட்ரோலிக் ஒயில் ஏறியது என்பதைச் சொல்லுங்கள்.

பக்கெட்டைத் தரையில் நன்றாகப் படிய வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, நெம்புகோல்களை எல்லாப் பக்கமும் பலமுறை அசையுங்கள். உள்ளே தேங்கிய அழுத்தம் இறங்கும். ஒயில் தாங்கியின் மூடியையும் மெதுவாகத் தளர்த்துங்கள். தூக்கி நிறுத்திய கையின் கீழே யாரும் போகக் கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட.

கழற்றுதல்

இரண்டு ஹோஸ்களில் எது எங்கே என்று பெயின்டால் அடையாளம் இட்டுக் கழற்றுங்கள். வாய்களைப் பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள், பழந்துணி வேண்டாம். துணியின் ஒரு நூல் போதும், வால்வைக் கெடுக்க. வழியும் ஒயிலுக்கு வாளி வையுங்கள், வடிகானில் ஊற்றாதீர்கள். பிறகு இரு முனைப் பின்களையும் தட்டி எடுத்து, சிலிண்டரை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

தண்டு வெளியே வரும் வாயில் இருக்கும் மூடியைத்தான் கிளாண்ட் என்கிறோம். கொக்கி ஸ்பானரால் திருகிக் கழற்ற வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு கழற்றுகிற பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தக் கிளாண்டுகளின் முகத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். இறுகியிருந்தால் துரு இளக்கும் ஒயில் தெளித்து ஒரு இரவு விடுங்கள். தண்டைக் கையால் நேராக இழுங்கள். கம்பிரசர் காற்றடித்துத் தள்ளவே கூடாது, தண்டு பீரங்கிக் குண்டு போலப் பாயும்.

தண்டைப் படியுங்கள்

அவசரப்படாத ஒரு மணி நேரத்தை இங்கே செலவிடுங்கள். தண்டை டீசலில் கழுவித் துடைத்து, நகத்தை நீளவாக்கில் முழுவதும் ஓட்டுங்கள். நகம் வழுக்கிப் போகும் மெல்லிய கோடு பரவாயில்லை. சிக்கும் இடம்தான் நோய். விளிம்பு மட்டும் எழும்பியிருந்தால் நுண்ணிய எண்ணெய்க்கல்லால் தேய்க்கலாம். குரோம் உரிந்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ லேத் பட்டறையில் கொடுத்து மறுபடி குரோம் பூச வேண்டும். அது சீல் கிட்டை விடச் செலவு அதிகம்தான், ஆனால் ஒரே தடவை. சமதளத்தில் உருட்டி, வளைவும் பாருங்கள். வளைந்த தண்டு சீலை ஒரு பக்கமாகவே தின்னும். குழாயின் உட்சுவரிலும் டோர்ச் அடித்துக் கீறல் தேடுங்கள்.

என் தண்டில் குழி வந்ததற்குக் காரணம் நானேதான். பக்கெட்டை உள்ளே மடக்கினால் அதன் தண்டு முழுக்க வெளியே நீண்டு நிற்கும். அப்படியே மழைக்காலம் முழுக்கக் கடற்காற்றில் நிறுத்திவைத்தேன். இப்போதெல்லாம் பக்கெட்டை விரித்து, தண்டை உள்ளே இழுத்துத்தான் நிறுத்துகிறேன். வெளியே மிஞ்சும் துண்டுக்குக் கிரீஸ் பூசுகிறேன்.

சீல் போடுதல்

பழைய சீல்களைக் கழற்றும் முன் வரிசையைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பழைய சீலை அளந்து புதியது வாங்காதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். தண்டின் விட்டத்தையும் சீல் உட்காரும் பள்ளத்தின் விட்டம், அகலத்தையும் வேர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய இயந்திரங்களில் அங்குல அளவும் வரும், மில்லிமீற்றரும் வரும்.

புதியவர்கள் தவறும் இடம் திசை. தண்டைச் சுற்றி உட்காரும் சீலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'ப' எழுத்துப் போல இருக்கும். அந்த 'ப'வின் திறந்த வாய் ஒயில் இருக்கும் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தூசி துடைக்கும் வைப்பரின் உதடு வெளியே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சீல் புதிதாக இருந்தும் ஒயில் வழியும்.

சீலைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டால் இளகும். கஜுக்கொட்டை வடிவில் மடக்கிப் பள்ளத்துக்குள் விடுங்கள், ஸ்க்ரூட்ரைவரால் நெம்பாதீர்கள். தண்டின் மரைகளில் டேப் சுற்றி, ஒயில் தடவி, முதலில் கிளாண்டையும் அதன் பிறகு தண்டின் உள்முனையில் உட்காரும் பிஸ்டனையும் ஏற்றுங்கள். ஒருமுறை பிஸ்டனை இறுக்கி முடித்துத் திரும்பினால், கிளாண்ட் மேசையில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஸ்டன் நட்டை மரைப்பசை பூசி, இயந்திரத்தின் கைநூலில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். ஊகத்தில் இறுக்கும் இடமல்ல அது.

ஓட்டிப் பார்த்தல்

பூட்டி முடித்து, தாங்கியில் ஒயில் மட்டம் பார்த்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பக்கெட்டைச் சுமையில்லாமல் முழு நீளத்துக்கு நாலைந்து தடவை விரித்து மடக்குங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும் வரை அசைவு துள்ளலாக இருக்கும். பிறகு மட்டத்தை மறுபடி பாருங்கள். தண்டில் கைபட்டால் பிசுபிசுக்கும் மெல்லிய ஒயில் படலம் இயல்பு. சொட்டாகத் திரண்டால் இல்லை. வெளியே சொட்டு இல்லாமல், தூக்கி நிறுத்திய பக்கெட் தானாகத் தளர்ந்து விரிந்தால், பிஸ்டன் சீலையோ கட்டுப்பாட்டு வால்வையோ சந்தேகியுங்கள்.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன், கிளாண்டின் அடியில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.