மட்டக்களப்பில் வீடெடுத்தவர்களுக்கு: கறண்ட், தண்ணி, சோலை வரி

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து கல்லடியில் வீடு எடுத்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பாசிக்குடாப் பக்கம் தங்கியிருப்பவர்கள், தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வளர்ந்து இப்போது ஊர் திரும்பியவர்கள் என்று யாராக இருந்தாலும் முதல் மாதம் முடியும்போது கேட்பது ஒன்றுதான்: "பில்லை எங்கே கட்டுவது?" கட்டுவது இரண்டு நிமிட வேலை, போனிலேயே முடிந்துவிடும். அதற்கு முந்தின வேலையில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கணக்கு, யாருடைய பெயரில் இருக்கிறது, பழைய பாக்கி எவ்வளவு என்று தெரியாமல் ஆப்பைத் திறந்து பயனில்லை.

அதனால் வீட்டுத் திறப்பு (சாவி) வாங்கும் அன்றே கடைசி பில்லைக் கேளுங்கள். "அதெல்லாம் கட்டிக் கிடக்கு மனே, நீங்க வந்து இருங்க" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் துண்டைக் கண்ணால் பாருங்கள். பாக்கி இணைப்போடு சேர்ந்தது, ஆளோடு சேர்ந்ததில்லை. கறண்ட் வெட்ட வருகிறவர் யார் எரித்தது என்று விசாரிக்கமாட்டார். குடிவந்த அன்று மின் மீட்டர், தண்ணி மீட்டர் இரண்டையும் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிறகு பேச்சுக்கு இடமிருக்காது. வீட்டு வாசலில் மண் மூடிக் கிடக்கும் சின்னப் பெட்டிதான் தண்ணி மீட்டர். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பில்லில் இருக்கும் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். தமிழர், முஸ்லிம்கள் இருவருக்கும் அப்படித்தான். மகள் சுவிஸில் இருப்பார், வீட்டு உறுதி (பத்திரம்) அவர் பெயரில் இருக்கும், கறண்ட் பில் மட்டும் எப்போதோ கண்மூடிய தகப்பன் பெயரில் வந்துகொண்டிருக்கும். பணம் கட்ட அது தடையே இல்லை. யாரும் யாருடைய பில்லையும் கட்டலாம். பெயர் மாற்றுவது சொந்தக்காரரின் வேலை, வாடகைக்கு இருப்பவர் அதற்கு அலைய வேண்டியதில்லை.

சரி, கறண்டுக்கு வருவோம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களுக்கும் இலங்கை மின்சார சபை வழிதான் இணைப்பு. பணம் கட்டும் ஆப்களில் லெக்கோ என்று இன்னொரு பெயரும் பக்கத்திலேயே நிற்கும். அது மேற்குக் கரையோர ஊர்களுக்குக் கறண்ட் கொடுக்கும் வேறொரு நிறுவனம், நமக்கில்லை. உங்களுக்கு வேண்டியது பில் துண்டில் இருக்கும் பத்து இலக்கக் கணக்கு எண். அதைப் போனில் சேமித்து வையுங்கள், ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டுங்கள். பல இடங்களில் இப்போது தாள் துண்டுக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி வருகிறது. அது போவது கணக்கில் பதிந்திருக்கும் போன் இலக்கத்துக்கு. முன்பு குடியிருந்தவரின் இலக்கம் இன்னும் அதிலேயே இருந்தால் பில் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும், உங்களுக்குக் கறண்ட் வெட்டப்போவதாகச் சொல்லும் சிவப்பு நோட்டீஸ்தான் வரும். 1987க்கு அழைத்து உங்கள் இலக்கத்தைப் பதியச் சொல்லுங்கள். மின்சாரம் போனாலும் முறையிடுவது அதே இலக்கத்தில்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம் பில், இலவசம் என்ற பேச்சே இல்லை. அதோடு ஒரு பொறியும் உண்டு. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை, 60ஐத் தாண்டினால் வேறு அட்டவணை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது யூனிட்டிலிருந்தே விலை ஏறிவிடும். அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள். யூனிட் விலைக்கு மேல் தனியாக வரும் நிலைக் கட்டணமும் நீங்கள் எட்டிய மிக உயர்ந்த படியைப் பொறுத்தது. அதனால்தான் 58 யூனிட் எரித்த வீட்டுக்கும் 63 யூனிட் எரித்த வீட்டுக்கும் பில்லில் அவ்வளவு தூரம். விலைகளை இங்கே எழுதவில்லை, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடிக்கடி திருத்தும். இதோடு 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரியும் உண்டு.

மீட்டர் பார்க்கிறவர் சில மாதம் 28 நாளில் வருவார், சில மாதம் 34 நாளில் வருவார். மார்கழி வெள்ளத்தில் இன்னும் தள்ளிப்போகும். தாமதமானதால் மேல் படிக்குப் போய்விட்டோம் என்று பதற வேண்டாம், நாட்கள் கூடினால் படிகளும் அதே அளவில் நீளும். துண்டில் நாட்களின் எண்ணிக்கையும் அச்சாகியிருக்கும், அதையும் பாருங்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசத் தொடங்கிய பிறகு பில் ஏறினால் மட்டும் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த மாதங்களில் ஏசி போடாத வீட்டிலும் மின்விசிறி இரவு பகலாக ஓடும்.

பணம் கட்டும் வழிக்கு வருவோம். உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு வங்கியின் ஆப்தான் சுகம். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, கொமர்ஷல், சம்பத், எச்.என்.பி. என்று எதை எடுத்தாலும் பில் கட்டும் பகுதி இருக்கும். மின்சார சபையைத் தெரிவுசெய்து, கணக்கு எண்ணை ஒருமுறை கொடுத்துச் சேமித்துவிட்டால் அடுத்த மாதம் தொகையை மட்டும் அடித்தால் போதும். சில ஆப்கள் நிலுவையைக் காட்டும், சில காட்டாது. காட்டாத ஆப்பில் இலக்கத்தை இரண்டு தரம் சரிபாருங்கள். வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லையா? மின்சார சபையின் இணையத்தளத்திலும் அதன் சொந்த ஆப்பிலும் விசா, மாஸ்டர் அட்டையால் கட்டலாம். வெளிநாட்டு அட்டை போட்டால் உங்கள் வங்கி நாணயமாற்றுக்கென்று தன் பங்கை வெட்டும், சின்ன பில்லுக்கு அது பெரிய நட்டமில்லை. வாலட் ஆப்கள் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும், கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அங்கே மல்லுக்கட்ட வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஓடிபி வரும். அது வங்கியில் பதிந்த இலக்கத்துக்குத்தான் வரும். வந்த முதல் வாரமே உள்ளூர் சிம் ஒன்றை எடுத்து, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். அந்த சிம்மை ரீலோட் இல்லாமல் சாகவிடாதீர்கள். வெளிநாட்டு இலக்கத்தை வங்கியில் கொடுத்துவிட்டு, வராத ஓடிபிக்காகக் காத்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். "மின்சார சபையிலிருந்து பேசுகிறோம், ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று எவராவது அழைத்தால் அழைப்பைத் துண்டியுங்கள். இன்றைக்குள் கட்டாவிட்டால் வெட்டுவோம் என்று லிங்க்கோடு வரும் செய்திகளும் அப்படித்தான்.

கட்டியவுடன் கணக்கில் ஏறவில்லை என்று இரண்டாம் தரம் கட்டாதீர்கள். வங்கி வழியாகக் கட்டியது பதிய ஒன்றிரண்டு நாள் எடுக்கலாம். தவறி இரண்டு தரம் போனாலும் பணம் தொலையாது, அடுத்த பில்லில் கழிந்துவிடும். ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரப்போகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் கூட்டிக் கட்டிவிட்டுப் போகலாம். ரசீதை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆப் எல்லாம் தலைவலி என்பவர்களுக்குத் தபாலகம், காகில்ஸ் கடை, வங்கிக் கவுன்டர் இருக்கவே இருக்கின்றன. அதில் வெட்கப்பட எதுவுமில்லை, ஊரில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

கூரையில் சோலார் தகடு இருக்கும் வீடென்றால் வாடகை பேசும்போதே அதையும் பேசுங்கள். சில திட்டங்களில் மிச்ச யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், சிலவற்றில் மிச்சத்துக்கான பணம் கணக்குக்காரரின் வங்கிக்குப் போகும். வெயில் எவருடைய பையை நிரப்புகிறது என்பது முன்பே தெரிந்திருக்கட்டும்.

தண்ணி பில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது, இலக்கம் 1939. அதன் கணக்கு எண் சாய்கோடுகளால் பிரித்த நீளமான எண். ஆப்பில் சாய்கோடு போட வேண்டுமா வேண்டாமா என்பது ஆப்புக்கு ஆப் மாறும், ஏற்கவில்லை என்றால் மற்ற விதமாகப் போட்டுப் பாருங்கள். மற்றபடி கட்டும் முறை கறண்டைப் போலத்தான். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணி குழாயில் வருகிறது. பல வீடுகளில் கிணறும் இருப்பதால் குளிக்க, துவைக்கக் கிணற்றுத் தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணி என்று வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படி வைத்துக்கொண்டால் பில் கைக்கடக்கமாக வரும். கிணற்று மோட்டருக்கு ஓடுவதும் கறண்ட்தான் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

சமையல் காஸுக்கு (எரிவாயு) குழாய் இணைப்பும் இல்லை, பில்லும் இல்லை. 12.5 கிலோ சிலிண்டர், வெறுமையானதைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்க வேண்டும்.

சோலை வரி, அதாவது வீட்டுக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வரி, வாடகைக்கு இருப்பவரின் தலையில் விழுவது குறைவு. சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். முதலில் உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்று பாருங்கள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆகியவை மாநகர சபைகள். காத்தான்குடி, ஏறாவூர், அம்பாறை நகர சபைகள். மற்றவை பிரதேச சபைகள். நகரத்திலிருந்து ஆரையம்பதி வரை போவதற்குள் மூன்று சபைகளின் எல்லையைக் கடந்துவிடுவீர்கள். வருட வரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்கென்று கட்டுகிறவர்களுக்கு அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். 2025 பெப்ரவரியில் அரசு தொடங்கிய கவ்பே என்ற இணையக் கட்டண முறை வழியாகச் சில உள்ளூராட்சி சபைகளுக்கு வங்கி ஆப்பிலிருந்தே கட்டலாம். உங்கள் சபையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய ரசீதோடு சபைக்கு நேரில் போங்கள். ரசீதில் இருக்கும் வரி இலக்கம் இல்லாமல் போனால் வீதிப் பெயரை வைத்துப் பழைய பதிவேட்டைப் புரட்ட வேண்டிவரும், அதற்கு ஒரு காலைப்பொழுது போய்விடும்.

வீடு மாறும்போது குடிவந்த அன்று செய்ததை அப்படியே திரும்பச் செய்யுங்கள்: இரண்டு மீட்டரையும் படமெடுங்கள், கடைசி வாசிப்பு வரை கட்டுங்கள், ரசீதை வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். ஆப்பில் சேமித்த கணக்கு எண்ணை அழியுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி வங்கியில் சொல்லி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவரின் ஏசிக்கும் நீங்களே கட்டிக்கொண்டிருப்பீர்கள்.