பீசோ பிலிம் காட்டும் வோல்டேஜை அப்படியே நம்பலாமா?

அழுத்தினாலோ வளைத்தாலோ மின்னூட்டம் தரும் (அதுதான் பீசோ குணம்) பிளாஸ்டிக்கான பிவிடிஎஃப் பிலிமை விரலால் ஒரு தட்டு தட்டினால், மின் அலையை வரைந்துகாட்டும் ஆசிலாஸ்கோப்பில் 20 வோல்ட்கூட எழும். பேட்டரியே இல்லாமல் சென்சாரை ஓட்டிவிடலாம் என்று உடனே மனக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். வளையும் பீசோ சாதனங்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

பிலிம் என்பது ஒரு சின்னக் கெப்பாசிட்டர். அதன் கொள்ளளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 20 வோல்ட்டில் அதில் இருக்கும் ஆற்றல் 0.2 மைக்ரோஜூல். நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தாலும், துளிகூட வீணாகாமல் எடுத்தாலும், தேறுவது 0.2 மைக்ரோவாட். ஒரு எல்இடியை 2 வோல்ட், 1 மில்லியாம்பியரில் விடாமல் எரிக்க இதைப்போல் பத்தாயிரம் மடங்கு வேண்டும். வீடியோக்களில் எல்இடி மினுக்குவது பொய்யில்லை. சேர்ந்த மின்னூட்டம் ஒரு கணம் பாய்ந்து தீர்கிறது, அவ்வளவுதான்.

அதனால் உச்ச வோல்டேஜையும் உச்ச மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து பெருக்கி ‘பவர்’ என்று எழுதாதீர்கள். பிலிமோடு இணைக்கும் மின்தடையை (லோடு ரெசிஸ்டர்) மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் சராசரி பவரை அளந்து பாருங்கள். இதே பிலிமை 2 ஹெர்ட்ஸில் அசைத்தால் அதிக பவர் கிடைப்பது 80 மெகாஓம் அருகில். 1 கிலோஓமைப் போட்டுவிட்டு பிலிமைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அடுத்தது, பிலிம் மேல் ஒரு எடையை வைத்து அளக்க நினைப்பது. வைத்தவுடன் ஒரு துடிப்பு வரும், எடை அங்கேயே இருக்கும், அளவு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பிலிம் பழுதாகவில்லை, மின்னூட்டம் கசிந்துவிட்டது. ஆசிலாஸ்கோப்பின் 10 மெகாஓம் புரோபோடு (அளவெடுக்கும் முனை) சேர்ந்தால் 1 நானோஃபாரட் பிலிமின் நேர மாறிலி, அதாவது மின்னூட்டம் பெருமளவு கசிய ஆகும் நேரம், 0.01 நொடிதான், சுமார் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் மங்கிவிடும். மூச்சும் நாடித்துடிப்பும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு, மின்னூட்டத்தையே வோல்டேஜாக மாற்றித்தரும் சார்ஜ் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அசையாத எடைக்கு, நீளும்போது மின்தடை மாறும் ஸ்ட்ரெயின் கேஜ் பக்கம் போய்விடுவது நல்லது.

சரி, வரும் சிக்னல் பீசோவால்தான் வருகிறதா? கையுறை உரசினாலும் வோல்ட் கிளம்பும். பிவிடிஎஃப் வெப்பத்துக்கும் மின்னூட்டம் தரும் என்பதால் விரலின் சூடே போதும். வயர்களை மாற்றிப்போட்டு அலை தலைகீழானதும் ‘நிரூபணம்’ என்று விட்டுவிடுகிறார்கள். உரசல் சிக்னலும்தான் தலைகீழாகும். போலிங் (வலுவான மின்புலத்தால் பீசோ குணம் ஏற்றுவது) செய்யாத, அதே அளவு பிலிமை அதே இடத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்பது இதைவிட நம்பகமான சோதனை.

ஒட்டும்போதும் கவனம் தேவை. ஒரே தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே பிலிமைப் பொதிந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வளைக்கும்போது மேல்பக்கம் நீண்டு கீழ்ப்பக்கம் சுருங்க, நடுத்தளத்தில் இருக்கும் பிலிமின் இரு பாதிகளிலும் எழும் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். அதை ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

அப்புறம், சால்டரிங் அயர்னை பிலிமிடம் கொண்டுபோகாதீர்கள். சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பீசோ குணம் மெல்லக் கரையத் தொடங்கும். கிரிம்ப் கனெக்டரோ, மின்கடத்தும் பசையோ போதும்.