ஜுராசிக் கடல் முதலைகளை இனம் காண்பது எப்படி? வாலிலிருந்து தொடங்குங்கள்

புதைபடிவப் படம் கிடைத்ததும் புதியவர்கள் எடுத்த எடுப்பில் முகத்தையும் பல்லையும்தான் பார்க்கிறார்கள். முதலைகளில் அது ஏமாற்றும். நெருங்கிய உறவில்லாத வம்சங்களுக்கும் மீன் பிடிக்க வாகான ஒடுங்கிய நீள முகம் தனித்தனியே வந்திருக்கிறது. ஆகவே முகத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முன்வேலை: கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன. மேட்டிலிருந்து பைனாகுலரில் பாருங்கள். தண்ணீர் ஓரம் இறங்கவே வேண்டாம். முதுகில் வரிசையாக மேடிட்ட தகடுகள், தலையின் உச்சியில் கண்கள், ஊன்றி நடக்கும் கால்கள் ஆகிய மூன்றையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தகடுகளுக்குள் எலும்பு இருக்கிறது. அதனால்தான் அவை பாறையிலும் எஞ்சுகின்றன.

படி 1: வால். கடைசிப் பகுதியில் முள்ளெலும்புகள் கீழ்நோக்கி வளைகின்றனவா? அப்படியானால் அது மெட்ரியோரிங்கிட் (முழுக்கக் கடல் வாழ்வுக்கு மாறிய முதலைக் குடும்பம்) ஆக இருக்கலாம். நாகப்பட்டினத்தில் கரைக்கு வரும் சுறாவின் வாலில் முதுகெலும்பு மேல் மடலுக்குள் ஏறும்; இவற்றில் கீழ் மடலுக்குள் இறங்கும். மேல் மடல் வெறும் சதை. ஒன்றைக் கவனியுங்கள்: எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியபடியே வளைந்திருக்க வேண்டும். மூட்டு விலகிக் கிடந்தால், செத்த பிறகு வால் மடங்கியிருக்கலாம்.

படி 2: முதுகு. தகடே இல்லையென்றால் மெட்ரியோரிங்கிட் என்ற ஊகம் வலுப்படும். தகடு இருந்து வால் நேராக இருந்தால், கரையோரக் கடலில் வாழ்ந்த இன்னொரு முதலைக் கூட்டமான டெலியோசாரிட் பக்கம் போங்கள்.

படி 3: கால். மெட்ரியோரிங்கிடின் முன்னங்கால் குட்டையான துடுப்பு. பின்னங்கால் அதைவிடப் பெரியது. மீன் வடிவக் கடல் ஊர்வனவான இக்தியோசாருக்கும் வால் கீழே வளையும் என்பதால் குழப்பம் இங்கேதான் வரும். அதற்குப் பெரும்பாலும் முன்துடுப்பே பெரியது. முள்ளெலும்புகளும் கேரம் காய்களை அடுக்கியதுபோல் தட்டையாக இருக்கும்.

படி 4: கண். மெட்ரியோரிங்கிடின் கண்குழி பக்கவாட்டில் திறந்திருக்கும். அதன் மேல் ஓர் எலும்பு வெளியே நீண்டு நிற்கும். டெலியோசாரிடுகளின் கண் பெரும்பாலும் மேல்நோக்கியது. மெட்ரியோரிங்கிடுகளுக்குக் கண்ணுக்கு முன்னால் உப்புச் சுரப்பிகள் இருந்ததற்கு அர்ஜென்டினாவில் கிடைத்த மண்டையோடுகள் சான்று. கடல்நீரோடு உள்ளே போகும் உப்பை வெளியேற்ற அவை உதவியிருக்கும்.

படி 5: முகம். இப்போது பார்க்கலாம். மெட்ரியோரிங்கிடுகளில் ஒன்றான டாகோசாரஸின் முகம் குட்டை, பற்களின் ஓரத்தில் ரம்பப் பற்கள். பெரிய இரையைத் தாக்கிய விலங்கு. முகத்திலிருந்து தொடங்கியிருந்தால் இதை முதலைக் கூட்டத்திலேயே சேர்த்திருக்க மாட்டீர்கள்.

அரியலூரில் இவை கிடைக்குமா என்று டெல்டா நண்பர்கள் கேட்பார்கள். மெட்ரியோரிங்கிடுகள் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியிலேயே அழிந்தன. அரியலூர்ப் பகுதிக் கடல் படிவுகள் அதற்குப் பிந்தியவை. அந்தப் பாறைகளின் கடைசிக் காலத்துக்குப் பொருந்தும் கடல் முதலைகள் டைரோசாரிடுகள். இவற்றுக்குத் தகடு உண்டு, வால் வளைவு இல்லை; ஆகவே முதல் இரண்டு படிகளில் டெலியோசாரிட் போலவே தோன்றும். அப்போது படத்தின் கீழே குறித்திருக்கும் பாறையின் வயதைப் பாருங்கள்: ஜுராசிக் என்றால் டெலியோசாரிட், கிரெட்டேசியஸின் கடைசி முதல், டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த இயோசீன் காலம் வரை என்றால் டைரோசாரிட்.