ஊரை ஒருமுறை தேர்ந்தால் போதும்: முகப்புப் பக்கப் பெட்டிகளைத் தானாக இணைக்கும் முறை

சென்னை 80.27 டிகிரி கிழக்கில் இருக்கிறது, பெங்களூரு 77.59-இல். டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், பெங்களூரில் சூரியன் ஏறத்தாழ 11 நிமிடம் பிந்தி உதிக்கும். பகல் பொழுதை எட்டாகப் பங்கிட்டுக் கணிக்கிற ராகுகாலமும் அந்த அளவுக்கு நகரும். பெங்களூருத் தமிழர் ஒருவர் தம் முகப்புப் பக்கத்தில் ஊர்த்தேர்வு, பஞ்சாங்கம், வானிலை என்று மூன்று பெட்டிகள் வைத்திருந்தால், ஊரை மாற்றியதும் மற்ற இரண்டும் தாமாக மாற வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மற்றதன் பெயரை எழுதிக் கோக்கலாம். மூன்று பெட்டி வரை தாங்கும். எட்டானால், ஒன்றை நீக்கும்போது எங்கே அறுந்தது என்று தேடியே பொழுது போகும். ஆகவே பெட்டிகள் ஒன்றையொன்று அறியவே கூடாது. தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒவ்வொன்றும் அறிவிக்கட்டும். இணைப்பது பக்கத்தின் வேலை. ஜாவா போர்ட்டல்களுக்கு 2008-இல் வந்த ஜேஎஸ்ஆர் 286 தரம், போர்ட்லெட்டுகள் (போர்ட்டல் பக்கத்தின் பெட்டிகள்) நிகழ்வுகள் வழியே பேச இப்படித்தான் வழி செய்தது. இங்கே வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டே போதும்.

படி 1. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள்; அப்படித் திறந்தால் மாட்யூல்களை (தனிக் கோப்பில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் பகுதிகளை) உலாவி ஏற்றாது. கோப்புறைக்குள் பைத்தானின் எச்டிடிபி சர்வரை ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் 8000-இல் திறங்கள்.

படி 2. பெட்டிக்கு ஒரு செக்‌ஷன் டேக். அதில் இரண்டு டேட்டா பண்புகள்: தருவது, வேண்டுவது. மதிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, மெட்டா சார்செட் வரியை முதல் 1024 பைட்டுக்குள் வையுங்கள்.

படி 3. பெட்டிகள் தந்து வாங்கும் பொருளுக்குப் பெயர் வைப்பது. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘இடம்’ என்று பொதுவாக வைத்தால், ஊர்த்தேர்வு ‘அல்சூர்’ என்ற சொல்லை அனுப்பும். பஞ்சாங்கமோ எண்ணை எதிர்பார்க்கும். இணைப்பு சரியாகவே இருக்கும், நேரம் மட்டும் ‘NaN’ என்று, அதாவது எண்ணல்லாத மதிப்பாக வரும். ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். ‘புவிப்புள்ளி’ என்றால் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள், தசம டிகிரியில். ‘ஊர்ப்பெயர்’ என்றால் காட்டுவதற்கான சொல். பெயரோடு வடிவமும் அலகும் முடிவாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4. இணைப்பான், அதாவது பெட்டிகளை இணைக்கும் பக்கத்தின் நிரல். பக்கம் ஏறியதும் எல்லாப் பெட்டிகளையும் படித்து, ஒரு மேப்பில் பொருள்பெயருக்கு எதிரே வேண்டுவோர் பட்டியலை எழுதட்டும். தரும் பெட்டி கஸ்டம் ஈவென்ட் (நாமே பெயரிடும் நிகழ்வு) ஒன்றை எழுப்பும்; இணைப்பான் அதை டாக்குமென்ட் மட்டத்தில் கேட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுக்கும். ஈவென்ட்டில் பப்புள்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இயல்பில் அது ஃபால்ஸ். விட்டுவிட்டால் ஈவென்ட் மேலே ஏறாது, பிழைச்செய்தியும் வராது. பெட்டி ஷேடோ டாமுக்குள் (உள்ளடக்கத்தைப் பக்கத்திலிருந்து தனிமைப்படுத்தும் அமைப்புக்குள்) இருந்தால், ஈவென்ட் அந்த எல்லையைத் தாண்ட கம்போஸ்டும் ட்ரூ ஆக வேண்டும்.

ஒரே பொருளை இரண்டு பெட்டிகள் தந்தால்? ஊர்த்தேர்வும் வரைபடமும் இரண்டுமே புவிப்புள்ளி தரும். இணைப்பான் ஊகிக்கக் கூடாது. பயனரிடம் கேட்டு, விடையை உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வையுங்கள். அது எல்லாவற்றையும் எழுத்துச் சரமாகவே வைக்கும். எண்களை ஜேசனாக (தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) மாற்றி வைத்து, ஜேசனாகவே படித்தெடுங்கள்.

படி 5. பிந்தி வரும் பெட்டி. வானிலைப் பெட்டி ஏறுமுன் ஊர்த்தேர்வு பேசிவிட்டால், அந்தச் செய்தி வானிலைக்குக் கிடைக்காது. ஒரு முறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான். பொருள்தோறும் கடைசி மதிப்பை இணைப்பான் வைத்திருந்து, புதிதாகப் பதிகிற பெட்டிக்கு உடனே தரட்டும். பயனர் இடையில் சேர்க்கும், நீக்கும் பெட்டிகளைக் கவனிக்க, பக்கத்தின் மாற்றங்களை அறிவிக்கும் உலாவி வசதியான மியூட்டேஷன் அப்சர்வர் போதும்.

படி 6. சுழல். வரைபடமும் ஊர்த்தேர்வும் ஒன்றுக்கொன்று தந்து வாங்கினால் செய்தி ஓயாமல் சுற்றும். புதிய மதிப்பை நான்கு தசம இடத்துக்குச் சுருக்கி, பழையதோடு ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் அனுப்பாதீர்கள். நான்காம் தசமம் தரையில் சுமார் 11 மீட்டர்; பெங்களூரின் ஜெயநகரையும் ஒயிட்ஃபீல்டையும் பிரித்துக் காட்ட அது தாராளம்.

வெளித்தளப் பெட்டி ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்தில்) இருந்தால் கஸ்டம் ஈவென்ட் எல்லை தாண்டாது. பக்கங்களுக்கிடையே செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜ் தேவை. அனுப்பும்போது பெறுநர் முகவரியை முழுதாக எழுதுங்கள், நட்சத்திரக் குறி போடாதீர்கள். பெறும்போது ஆரிஜினை, அதாவது செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை, சரிபாருங்கள். பயனரின் வீட்டு இருப்பிடம் போகிற வழி இது.

சோதிக்க, ஊரைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றுங்கள். சூரிய உதயம் 10, 11 நிமிடம் பிந்த வேண்டும். அசையவே இல்லையென்றால் முதலில் பப்புள்ஸைப் பாருங்கள், பிறகு பொருள்பெயரின் எழுத்துப்பிழையை. இரண்டும் சரியாக இருந்தால் படி 5-இல் தேடுங்கள்.